முகில் இழுத்தால் இறங்குவது எப்படி?

கேள்வி: சுவிற்சர்லாந்தில் வசிக்கும் என் மகன் பாராகிளைடிங் (துணிச் செட்டையில் தொங்கியபடி பறத்தல்) பழகுகிறார். முகில் மேலே இழுத்தால் 'ஸ்பைரல்' (இறுக்கமான வட்டமாகச் சுழன்று இறங்குதல்) போட்டு உடனே இறங்கிவிடலாம் என்கிறார். இது பாதுகாப்பானதா? ஆவணியில் இங்கு வரும்போது கடலுக்கு மேலே பழகலாமா?
– ஒரு தந்தை, உப்புவெளி, திருகோணமலை

பதில்: உங்கள் மகன் சொல்வது பாதி சரி. ஸ்பைரலில் விநாடிக்கு 10 மீற்றருக்கும் அதிகமாக இறங்க முடியும். ஆனால், முகிலின் அடி கறுத்துத் திரளும்போதே விலகிப் பறப்பவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. பிந்தியவருக்கோ அதுவும் போதாமற் போகலாம். 2007இல் அவுஸ்திரேலியாவின் மனில்லாவில் ஏவா விஸ்னியர்ஸ்கா என்ற வீராங்கனையை இடிமுகில் 9,900 மீற்றருக்கு மேல் இழுத்துச் சென்றது. அவர் பிழைத்தார், அன்று அதில் சிக்கிய சீன வீரர் பிழைக்கவில்லை.

விலகும்போது முதலில் கையாள வேண்டியது 'பிக் இயர்ஸ்'. இரு பக்கமும் வெளி ஓர 'ஏ' கயிறுகளை (முன்வரிசைக் கயிறுகளை) ஒன்றாக இழுத்தால் செட்டையின் நுனிகள் மடிந்து, விநாடிக்கு ஏறத்தாழ 3 மீற்றர் வீதம் இறங்கலாம். கூடவே ஸ்பீட் பாரை (வேகம் கூட்டும் கால்மிதியை) மிதித்தால் முன்செல்லும் வேகமும் குறையாது.

ஸ்பைரலின் சங்கதி வேறு. உடலை ஒரு பக்கம் சாய்த்து அந்தப் பக்கப் பிரேக் கயிற்றை மெல்ல இழுக்கச் சுற்று இறுகும். புவியீர்ப்பைப்போல் மூன்று மடங்கு விசை வந்தாலே 70 கிலோ உடல் 210 கிலோவைப்போல் ஹார்னஸில் (இருக்கைப் பட்டியில்) அழுந்தும். தலைக்கு இரத்தம் எட்டாமல் பார்வையின் ஓரம் மங்கத் தொடங்கினால், அடுத்து நினைவே தப்பலாம். சில செட்டைகள் பிரேக்கை விட்ட பின்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது உடலை வெளிப்பக்கம் சாய்த்து, வெளிப் பிரேக்கையும் அளவாக இழுத்து, வேகத்தைச் சில சுற்றுகளில் கரைத்தே வெளியேற வேண்டும். சட்டென வெளியேறினால் அதே வேகம் பறப்பவரை மேலே தூக்கி எறியும். நுனிகளை மடித்தபடி ஸ்பைரல் போடுவது கூடவே கூடாது. பாரமெல்லாம் எஞ்சிய கயிறுகளில் விழும்.

பயிற்றுநர் வானொலியில் வழிகாட்ட, கீழே மீட்புப் படகு காத்து நிற்க, உயிர்காப்பு அங்கியும் ரிசர்வ் (அவசரகால) பாராசூட்டும் அணிந்து ஏரியின் மேல் பழகுவதே இதற்குரிய முறை. உங்கள் மகன் வாழும் நாட்டிலேயே, ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள வில்னேவில், அதற்கு வசதி உண்டு.

இங்கே அது சரிவராது. கோணேசர் மலையின் உயரம் இப்பயிற்சிக்குக் கொஞ்சமும் போதாது. ஆவணியில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரைக்குத் திரும்ப முடியாமல் நீரில் விழுந்தால், ஹார்னஸின் முதுகுப் பஞ்சு மேலே மிதந்து முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்துவிடும். சீனன்குடா விமானத்தளம் பக்கத்தில் இருப்பதால் வான்வெளி அனுமதிச் சிக்கலும் உண்டு. விடுமுறைக்கு வருபவர் நிலாவெளியில் ஆசை தீரக் குளிக்கட்டும். ஸ்பைரலைத் திரும்பிப் போய்ப் பயிற்றுநரிடம் பழகட்டும்.