மகள் சேதன விவசாயம் படிக்கக் கேட்கிறாள்: களுதாவளைத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மகள் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறாள். மருத்துவத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. இன்னொரு முறை எழுதச் சொன்னால், விவசாயந்தான் படிப்பேன், அதிலும் இரசாயனப் பசளையும் நாசினியும் போடாத சேதன விவசாயந்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "கத்தரிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் இறைத்தே எங்கள் காலம் போய்விட்டது, படித்த பிள்ளையும் மண்ணிலா?" என்று எழுதியிருக்கிறீர்கள். 2021ஆம் ஆண்டையும் நினைவுபடுத்தியிருக்கிறீர்கள். அந்த ஆண்டிலிருந்தே தொடங்குகிறேன். அந்த நட்டம் எங்கள் வீட்டிலும் விழுந்தது.

நாடு முழுவதும் இனிச் சேதன விவசாயந்தான் என்று சொல்லி, 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அதை நீக்கியபோது, வாவிக்கு மேற்கே நம் படுவான்கரையில் பெரும்போக விதைப்புத் தொடங்கியிருந்தது. வெல்லாவெளிப் பக்கம் என் அண்ணன் செய்த வேளாண்மை குடலை தள்ளும் முன்பே, அதாவது தண்டுக்குள் கதிர் திரளும் முன்பே, மஞ்சளித்துவிட்டது. வழக்கமாக வருவதில் பாதி மூடைகூட வீட்டுக்கு வரவில்லை. அண்ணி வரம்பில் குந்தியிருந்து அந்தக் கதிர்களை உருவிப் பார்த்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. கையில் பாதி பதர்.

ஏன் அப்படி நடந்தது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு என்று வைத்தால், அதே 23 கிலோவுக்கு 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். அதுவும் போட்டவுடன் பயிருக்குக் கிடைத்துவிடாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துத்தான் கொடுக்கும். ஒரே போகத்தில் நாடு முழுவதற்கும் அவ்வளவு கூட்டெருவுக்கு எங்கே போவது? விவசாய விஞ்ஞானிகள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். அதே ஆண்டு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையின் மாதிரிகளில் பயிருக்கு நோய் தரக்கூடிய எர்வினியா என்ற பக்றீரியா இருப்பதாகத் தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவை கண்டது. கப்பல் சரக்கை இறக்காமலே போனது. ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் முன் இருந்தவர்கள் சொன்ன சொல் அது. அவர்களும் விவசாயம் படித்தவர்கள்தான், அம்மா.

மகளை மறிப்பதற்கு 2021ஐக் காரணமாகக் காட்டுகிறீர்கள். நானோ அவளை அனுப்பச் சொல்வதற்கு அதையே காரணமாகக் காட்டுவேன். அந்த ஆண்டு குறைந்தது பசளை மட்டுமல்ல, வயலுக்கு வந்து மண்ணைப் பார்த்து வழி சொல்லத் தெரிந்த ஆட்களும் குறைவாக இருந்தார்கள்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். களுதாவளை மணல் நிலம். மரக்கறிக்கும் வெற்றிலைக்கும் போடும் யூரியாவில் ஒரு பங்கைத்தான் பயிர் எடுக்கும். மிச்சம் நைத்திரேற்றாக மழைத் தண்ணீரோடு கீழே இறங்கும். இறங்குமிடம் நீங்கள் குடிக்கத் தண்ணீர் அள்ளும் கிணறு. மணலில் சேதனப் பொருள் கூடினால் தண்ணீரும் சத்தும் வேரடியில் தங்கும். எவ்வளவு போடுவது, எந்தப் பருவத்தில் போடுவது, இரசாயனப் பசளையை ஆண்டுக்கு எவ்வளவு குறைப்பது என்று கணக்குப் பார்த்துச் சொல்வது ஒரு தொழில். மகள் அதைத்தான் விரும்புகிறாள் என்று நினைக்கிறேன், அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் சேதன விவசாயம்.

இன்னொரு வேலை சான்றிதழோடு சம்பந்தப்பட்டது. ஐரோப்பாவுக்குச் சேதன விளைபொருள் என்று அனுப்ப வேண்டுமென்றால், ஓராண்டுப் பயிர் நிலத்துக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு மாற்றக் காலம் வேண்டும். தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு மூன்று ஆண்டு. பரிசோதகர் வந்து கொப்பியைக் கேட்பார்: எந்த நாளில் என்ன போட்டீர்கள், எத்தனை கிலோ பறித்தீர்கள், யாருக்கு விற்றீர்கள். நிலம் தரக்கூடியதைவிட விற்ற கணக்குக் கூடினால் பிடிபடும். பக்கத்து வயலில் அடித்த களைநாசினி வாய்க்கால் தண்ணீரோடு வருகிறதா என்றும் பார்ப்பார். நம் குளத்து வயல்களில் இது பெரிய தலைவலி, எல்லாருக்கும் தண்ணீர் ஒரே வாய்க்காலில்தான் வருகிறது. விவசாயிகளைக் கூட்டாகச் சேர்த்து, இந்தக் கணக்குகளைப் பேணி, உள்ளகப் பரிசோதனை செய்ய ஆட்கள் தேவை. வயலும் தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் அறிக்கையும் எழுத வேண்டும். அப்படி இரண்டும் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகளைக் காண்பது அரிது.

இனி வழிகள். முதல் தெரிவு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், நான்கு ஆண்டுப் பட்டம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். பேராதனையையும், கிளிநொச்சியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தையும் விருப்பப் பட்டியலில் போட மறக்க வேண்டாம். அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கின்றன. ஆகவே புள்ளி எல்லைக்கோட்டில் இருந்தாலும் விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் பாலமுனையிலும் வவுனியாவிலும் இருக்கும் விவசாயக் கல்லூரிகளின் டிப்ளோமா இருக்கிறது. விவசாயப் போதனாசிரியர் ஆவதற்கு அது நல்ல வழி.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூன்று மாதத்தில் "சேதன விவசாய நிபுணர்" ஆக்குவதாகப் பணம் கேட்கும் வகுப்புகளுக்கு ஒரு சதமும் கட்ட வேண்டாம். இரசாயனம் தெரியாமல் சேதன விவசாயம் தெரிந்துகொள்ள முடியாது. அவள் உயர்தரத்தில் படித்த இரசாயனவியல் இங்கேதான் கைகொடுக்கப்போகிறது.

பெண்பிள்ளை வயலில் தனியே திரிவதா என்ற கவலை எனக்குப் புரிகிறது. கமநல சேவை நிலையத்துக்கு ஒருநாள் மகளோடு போய், அங்கே வரும் போதனாசிரியர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று நீங்களே பாருங்கள். அவர்களிடமே கேளுங்கள், நான் சொல்வதைவிட அவர்கள் சொல்வது உங்களுக்கு நம்பிக்கை தரும். சம்பளம் மருத்துவருடையதைப் போல இராது. அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனமில்லை.

படிவம் நிரப்பும் காலம் வரை மகள் சும்மா இருக்க வேண்டாம். படுவான்கரையில் உங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை அறுவடைக்குப் பிறகு வைக்கோலைக் கொளுத்த விடாதீர்கள். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. அரை ஏக்கரை அவளிடம் கொடுங்கள். அங்கே வைக்கோலைப் பரப்பி, வேலியோரக் கிளிசரியா இலையை வெட்டிப் போட்டு உழட்டும். மற்ற ஒன்றரை ஏக்கரை அப்பா வழமைபோல் செய்யட்டும். இரண்டு பக்கமும் போட்டது எவ்வளவு, செலவு எவ்வளவு, வந்த மூடை எத்தனை என்று ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதிவரட்டும். மூடை குறைந்தாலும் குறைந்ததாகவே எழுத வேண்டும். அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.