கம்பி 550 டி-யா 500 டி-யா என்பது இருக்கட்டும், ஒரு மீட்டரை வெட்டி நிறுங்கள்

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். வள்ளியூரில் கீழும் மாடியுமாக வீடு கட்டுகிறோம். வரைபடத்தில் இன்ஜினியர் எஃப்.இ 500 டி கம்பி என்று போட்டிருக்கிறார். மேஸ்திரி, "550 டி வாங்குங்க சார், அதுதான் ஸ்ட்ராங்கு, கம்பியையும் குறைச்சுக்கிடலாம்" என்கிறார். கடையும் அவரே சொல்கிறார். மொத்தமாக 7 டன் எடுத்தால் விலை குறையுமாம். மிச்சத்தைக் கடற்கரை ஊரான கூத்தங்குழியில் வீடு போடப்போகும் தம்பிக்குக் கொடுக்கலாமா?

பதில்: வரைபடத்தில் 500 டி இருந்தால் 500 டி வாங்குங்கள் சார். பதில் அவ்வளவுதான். மீதியெல்லாம் மேஸ்திரி சொன்ன அந்த "குறைச்சுக்கிடலாம்" என்ற சொல்லுக்காக எழுதுகிறேன்.

500, 550 என்பது கம்பியை இழுத்தால் எந்த அளவுக்கு மேல் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது என்பதற்கான எண். பக்கத்தில் இருக்கும் டி, அறுந்துபோகும் முன் அது எவ்வளவு நீண்டு கொடுக்கும் என்பதைப் பற்றியது. கம்பிக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1786 படி சாதா 500 குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், 500 டி 16, 550 டி 14.5. நீண்டு கொடுக்கிற கம்பி இருந்தால் பீமில் முதலில் விரிசல் தெரியும், ஆட்களுக்கு வெளியே வர நேரம் கிடைக்கும். வீட்டுக்கு அது போதும். 550 டி கெட்ட கம்பி இல்லை, அதே எண்ணிக்கை, அதே இடைவெளியில் போட்டால் உங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் போடமாட்டார்கள், அதுதான் விஷயம். 500-க்கும் 550-க்கும் பலத்தில் வித்தியாசம் பத்து சதவீதம்தான். தளத்தில் ஆறு அங்குலத்துக்கு ஒரு கம்பி என்று இருப்பதை மேஸ்திரி ஏழரை அங்குலமாக்கினால் ஐந்தில் ஒரு பங்கு கம்பி காணாமல் போகிறது. அதுவும் போக, வீட்டுத் தளம் தொய்வதும் வெடிப்பதும் பெரும்பாலும் தளத்தின் கனத்தையும் கம்பி இடைவெளியையும் பொறுத்தது, கம்பியின் நம்பரைப் பார்த்து அல்ல.

அப்புறம், கடையை மேஸ்திரி ஏன் சொல்கிறார்? டன்னுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு, ஊரறிந்த ரகசியம். அவர் பிழைப்பு, அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கமிஷன் எடையில் பிடிக்கப்படும்போதுதான் வயிறு எரிகிறது.

12 மி.மீ. கம்பி ஒரு மீட்டர் 888 கிராம் இருக்க வேண்டும். 8 மி.மீ. 395, 10 மி.மீ. 617, 16 மி.மீ. ஒரு கிலோ 580. மறந்துபோனால் மி.மீ. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுங்கள், ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். லோடு இறங்கியதும் கம்பி வெட்டுகிறவரிடம் சரியாக ஒரு மீட்டர் துண்டு வெட்டச் சொல்லி, பக்கத்துப் பலசரக்குக் கடை எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள். விதியே கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது, துண்டு எடையில் 12 மி.மீ.க்கு 6 சதவீதம், 8, 10 மி.மீ.க்கு 8 சதவீதம். ஆக 12 மி.மீ. துண்டு 835 கிராமுக்குக் கீழே வந்தால் லாரியைத் திருப்பி அனுப்பலாம். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் இப்படி வைத்தபோது 790 காட்டியது. மேஸ்திரி கடைக்காரரைப் பார்த்தார், கடை அண்ணாச்சி தராசைப் பார்த்தார், "இது அரிசி தராசுல்லா சார்" என்றார். இரும்புக்கு ஒரு கிராம், அரிசிக்கு ஒரு கிராம் என்று எங்கேயாவது உண்டா?

"ஒரு கம்பி இவ்வளவு" என்று எண்ணி விற்றால் வாங்காதீர்கள். 12 மீட்டர் நீள 12 மி.மீ. கம்பி 10.66 கிலோ என்று பில் போட்டு, கொடுப்பது ஒன்பதரை கிலோவாக இருந்தால் நூறு கம்பியில் 116 கிலோ போயிற்று. எடை மேடைச் சீட்டோடு கிலோக் கணக்கில் வாங்கினாலும் துண்டை நிறுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் மெலிந்த கம்பி கிலோவுக்கு நீளமாகக் கிடைக்கும், லாபம்போலத் தெரியும், பில்லருக்குள் இரும்பு குறைந்திருக்கும். ஐ.எஸ்.ஐ முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் எண்ணை, அந்த முத்திரையைக் கொடுக்கும் பி.ஐ.எஸ். அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அடித்தால் எந்தக் கம்பெனி என்று வரும். பெரிய கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி விற்கிறவர்கள் அங்கே மாட்டுவார்கள்.

இதையெல்லாம் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. 2024-இல் தமிழ்நாட்டில், நாமே சான்று கொடுத்து அனுமதி வாங்கும் சுயசான்று முறை வந்தது, 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை வீட்டுக்கு ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம், நல்லதுதான். ஆனால் கம்பி கட்டி முடித்து கான்கிரீட் ஊற்றும் முன் வந்து குனிந்து பார்க்க ஆள் யார்? முன்பு மட்டும் வந்தார்களா என்கிறீர்களா? வந்தவர்கள் காம்பவுண்டுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அடி விட்டிருக்கிறது என்று அளந்துவிட்டுப் போனார்கள்.

சரி, தம்பி வீடு. உங்கள் வள்ளியூர் வீட்டுக்குச் சொன்ன எதையும் கூத்தங்குழிக்கு அப்படியே எடுத்துப்போகாதீர்கள். கம்பி அதே 500 டி-தான், சந்தேகமில்லை. ஆனால் இப்போதே வாங்கி ஆறு மாதம் கடற்கரை மணலில் போட்டுவைத்தால், மேலே பழுப்பாகப் படிவதோடு நிற்காமல் செதில் செதிலாக உரியும், அந்தக் கம்பியை நான் தொடமாட்டேன். இரும்பு துருவாக மாறும்போது பருத்து, உள்ளேயிருந்து கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோர ஊர்களில் பத்துப் பதினைந்து வருஷ வீட்டு சன்ஷேடுகளை அண்ணாந்து பார்த்தால் கம்பி வெளியே தொங்குவது தெரியும். கம்பி ரகம் குற்றவாளி இல்லை, மேலே கான்கிரீட் போதவில்லை. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில் தளத்துக்கு 20 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், போதும், கடற்காற்று நேரே அடிக்கிற இடத்தில் கான்கிரீட்டுக்கான தரவிதி ஐ.எஸ். 456, 45 மி.மீ. கேட்கிறது, கான்கிரீட்டும் எம் 30 என்ற பலமான ரகம். ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்து "கவர் வச்சாச்சு" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள், அளவு பார்த்து வார்த்த கவர் பிளாக் வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலக்கவும் கூடாது, கியூரிங்குக்கும் கூடாது, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்பது கணக்கு. துருப்பிடிக்காத கம்பி என்று சி.ஆர்.எஸ். கம்பியைக் கூடுதல் விலைக்குக் காட்டுவார்கள். அது துருவைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. கவரும் தண்ணீரும் சரியாக இருந்து பணமும் மிஞ்சினால் வாங்கட்டும். எபாக்சி பூசிய கம்பியை நம்மூர் வேலையிடத்தில் வளைத்துக் கட்டும்போதே பூச்சு உரியும், உரிந்த இடத்தில் துரு வேகமாக ஏறும், அது வேண்டாம்.

ஆகவே 7 டன் யோசனையை விடுங்கள். உங்களுக்கு வேண்டியதை மட்டும், அதையும் அஸ்திவாரத்துக்கு ஒரு லோடு, தளத்துக்கு ஒரு லோடு என்று இரண்டாக எடுங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே கம்பியை நீளமாக அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாக மடித்து வந்தால், மடிந்த இடத்தைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்திப் பில்லரில் ஏற்ற விடாதீர்கள், அந்தத் துண்டை வெட்டித் தள்ளிவிடுங்கள்.