கொரோனா ஊரடங்கில் ஜிம் மூடியதால்தான் இளைஞர்களின் உடல்தகுதி குறைந்ததா?

குறைந்தது என்னவோ உண்மைதான். ஆனால் பழியை ஜிம் மேல் போட நான் தயாரில்லை. ஜிம் பக்கமே போகாதவர்களுக்கும்தான் தெம்பு குறைந்தது.

அப்போது எனக்கு இருபது சொச்சம் வயது. வீட்டுக்குள்ளேயே தண்டால், பஸ்கி என்று விடாமல் எடுத்ததால் கை, தோள் பெரிதாக இளைக்கவில்லை. கட்டுப்பாடு தளர்ந்து மறுபடி மூன்றாவது மாடிக்குப் படியேறியபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டாவது மாடி திருப்பத்திலேயே மூச்சு வாங்கியது, காதுக்குள் நாடி அடித்தது, கைப்பிடியை விட முடியவில்லை.

காணாமல் போனது நடை. பஸ்ஸுக்கு ஓடுவது, வகுப்புக்கு வகுப்பு மாறுவது, டீ குடிக்க இறங்கி ஏறுவது, இதையெல்லாம் உடற்பயிற்சி என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த பிறகு, ஒரு செல்போன் செயலியின் பல நாட்டுத் தரவை ஆராய்ந்தார்கள். முப்பதே நாளில் சராசரி காலடி எண்ணிக்கை சுமார் 27% சரிந்திருந்தது.

நடை குறைந்தால் இளம் உடம்பு என்னாகும் என்பது முன்பே தெரிந்ததுதான். டென்மார்க்கில் தினமும் 10,000 காலடி நடந்துகொண்டிருந்த ஆரோக்கியமான வாலிபர்களை இரண்டு வாரம் 1,500 காலடியோடு நிறுத்தச் சொன்னார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு, அதாவது விஓ2 மேக்ஸ், சுமார் 7% இறங்கியது. கால் தசையும் குறைந்தது. இத்தனைக்கும் யாரும் படுத்த படுக்கையாக இல்லை!

முதலில் குறைவது ரத்தத்தின் திரவ அளவு. அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் வெளியேற்றும் ரத்தம் குறையும். அதை ஈடுகட்ட நாடி வேகமாக ஓடும். தசை பலம் இவ்வளவு சீக்கிரம் போவதில்லை. கண்ணாடியில் ஆள் அப்படியேதான் தெரிவார், மாடிப்படிதான் காட்டிக்கொடுக்கும்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பயண நேரம் மிச்சமாகி, அதை ஓட்டத்துக்கோ சைக்கிளுக்கோ கொடுத்துத் தேறியவர்களும் உண்டு. தனி அறையும் வெளியே போக இடமும் இருந்தவர்களுக்கு அது எளிது. ஒரே அறையில் நாலு பேர் அடைபட்டுக் கிடந்தவர்களிடம் மனஉறுதி பற்றிப் பேசுவது நியாயமே இல்லை.

இழந்தது திரும்பி வரும். 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அவர்களின் விஓ2 மேக்ஸ் கால் பங்குக்கும் மேல் விழுந்தது, அடுத்த சில வாரப் பயிற்சியில் மீண்டும் வந்துவிட்டது. ஆனால் கொரோனா வந்து போன பிறகு நெஞ்சுவலியோ படபடப்போ இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் ஓட ஆரம்பிக்காதீர்கள்.

எனக்குக் கவலை, இன்னும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களைப் பற்றித்தான். அவர்களுக்கு அந்த நடை இன்னும் திரும்பவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போனாலும், வேலைநாளில் செல்போன் காட்டும் காலடிக் கணக்கை ஒருமுறை பாருங்கள். குறைவாக இருந்தால், போன் பேசும்போதாவது எழுந்து நடங்கள்.