ஒரே ஆறு, இரண்டு எண்கள்: பாய்வு அளவீட்டின் நிச்சயமின்மையை எப்படிக் கணிப்பது?

கேள்வி: ஆற்றின் ஒரே குறுக்குவெட்டில், நீர்மட்டம் மாறாதிருந்த ஒரு நாளில், நீரின் வேகத்தை அளக்கும் நீரோட்டமானியைக் கொண்டு இரண்டு முறை பாய்வை அளந்தோம். முதல் முறை வினாடிக்கு 42.6 கனமீட்டரும் இரண்டாம் முறை 45.1 கனமீட்டரும் கிடைத்தன. இருமுறையும் 20 செங்குத்துகள், அதாவது ஆற்றின் குறுக்கே ஆழமும் வேகமும் அளக்கும் 20 நிலைக்குத்துக் கோடுகள். ஒவ்வொன்றிலும் நீர்ப்பரப்பிலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் ஒரே புள்ளி. சராசரியை எழுதி, வித்தியாசத்தில் பாதியைப் பிழையாகக் காட்டலாமா?

பதில்: சராசரி எடுப்பதில் தவறில்லை; வித்தியாசத்தில் பாதியைப் பிழையாகக் காட்டுவதுதான் தவறு. அப்படிச் செய்தால் 43.85 கனமீட்டருக்கு ஏறத்தாழ 2.9 சதவீதம் என்று வரும். ஆனால் இரு அளவீடுகளிலும் ஒரே திசையில், ஒரே அளவில் புகுந்த பிழை அவற்றைக் கழிக்கும்போது மறைந்துவிடும். ஆகவே இரண்டு எண்கள் நெருங்கி வந்தாலே இரண்டும் சரி என்று ஆகிவிடாது.

முதலில் ஒற்றை அளவீட்டின் நிச்சயமின்மையைக் கணிப்போம். நீரோட்ட அளவீட்டுக்கான சர்வதேசத் தரநெறியான ஐஎஸ்ஓ 748, பாய்வில் கலக்கும் பிழைகளைத் தனித்தனியாகப் பிரித்து மதிப்பிடச் சொல்கிறது. 20 செங்குத்துகளுக்கு இடையே ஆற்றின் ஆழமும் வேகமும் எப்படி மாறின என்பதை நாம் அளக்காமல் ஊகிப்பதால் வருவது 2.5 சதவீதம், ஒரு செங்குத்தின் சராசரி வேகத்தை 0.6 ஆழத்திலுள்ள ஒரே புள்ளியைக் கொண்டு முடிவு செய்வதால் வருவது 7.5 சதவீதம். இவற்றுடன் நீரின் சுழிப்பால் வேகம் கூடிக்குறைவதற்கு 4, ஆழ அளவுக்கு 1, அகலத்துக்கு 0.5, மானியின் அளவுத்திருத்தத்துக்கு 1, எல்லாச் செங்குத்துகளுக்கும் பொதுவான முறைசார் பிழைக்கு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த ஐந்தும் உங்கள் களத்துக்கு ஏற்ப மாறும்.

செங்குத்துதோறும் புதிதாக எழும் பிழைகளின் (7.5, 4, ஆழத்தின் 1, அகலத்தின் 0.5, அளவுத்திருத்தத்தின் 1) வர்க்கங்களைக் கூட்டினால் 74.5, அதை 20 ஆல் வகுத்தால் 3.7. அதனுடன், 20 ஆல் வகுக்கக் கூடாத ஊகப் பிழை, முறைசார் பிழை ஆகிய இரண்டின் வர்க்கங்களான 6.25, 1 ஆகியவற்றைச் சேர்த்து வர்க்கமூலம் எடுத்தால் 3.3 சதவீதம். 95 சதவீத நம்பக அளவுக்கு இதை இரட்டித்தால், ஒவ்வோர் அளவீட்டுக்கும் கூட்டல் கழித்தல் 6.6 சதவீதம். 7.5 சதவீதம் என்று மிரட்டிய பிழை 20 செங்குத்துகளில் கரைந்துவிட, 2.5 சதவீதமே பெரும்பங்காக நிற்பதைக் கவனியுங்கள். எனவே ஒவ்வொரு செங்குத்திலும் இரண்டு புள்ளிகளில் அளந்து 20 கூடுதல் வாசிப்புகள் எடுத்தாலும் 5.8 சதவீதத்துக்குத்தான் இறங்கும். ஒற்றைப் புள்ளியோடு ஐந்து செங்குத்துகளை மட்டும் கூட்டி 25 ஆக்கினால் 5.6 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒரு விதிவிலக்கு உண்டு: ஆற்றின் குறுக்கே முழுவதும் நீர்த்தாவரம் படர்ந்திருந்தால் 0.6 ஆழப் பிழை எல்லாச் செங்குத்துகளிலும் ஒரே பக்கம் சாயும். அப்போது அதை 20 ஆல் வகுக்க முடியாது.

இனி உங்கள் 5.7 சதவீத வித்தியாசத்துக்கு வருவோம். இரண்டாம் முறை செங்குத்துகளை வேறு இடங்களில் வைத்து அளந்தீர்களா, அல்லது கயிற்றில் கட்டிய அதே அடையாளங்களிலேயே மானியை மீண்டும் இறக்கினீர்களா? இந்தத் தகவல் இல்லாமல் பதில் சொல்ல இயலாது என்பதால் இரண்டுக்கும் சொல்கிறேன். இடங்களை மாற்றியிருந்தால் இரு அளவீடுகளுக்கிடையே 9 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம், 5.7 அதற்குள் அடங்குகிறது. அதே இடங்கள் என்றால் ஊகப் பிழையும் 0.6 ஆழப் பிழையும் இருமுறையும் ஒன்றே. சுழிப்பும் ஆழ, அகல அளவுகளும் மட்டுமே மாறும் என்பதால் வித்தியாசம் 2.6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே 5.7 என்பதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

அப்போது கணக்கை ஓரமாக வைத்துவிட்டுக் களப் புத்தகத்தைத் திறந்து, இரு அளவீடுகளின் வேகங்களையும் செங்குத்து வாரியாக வகுத்துப் பாருங்கள். எல்லாச் செங்குத்துகளிலும் விகிதம் 1.06ஐ ஒட்டியே நின்றால் மானியின் மீது சந்தேகம் வர வேண்டும்: இரண்டு மானிகளைப் பயன்படுத்தினீர்களா, சரியான அளவுத்திருத்தச் சமன்பாட்டை இட்டீர்களா, காற்றில் சுழலவிட்டால் சுழலி தடையின்றிச் சுழன்று மெல்ல நிற்கிறதா என்று பாருங்கள். பதினேழில் விகிதம் 1ஐ ஒட்டியிருந்து மூன்றில் மட்டும் துள்ளினால், சுழற்சியை எண்ணியதிலோ ஆழத்தைக் குறித்ததிலோ தவறு. நீர்மட்டம் மாறவில்லை என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். அகலமான ஆற்றில் பாய்வு ஆழத்தின் 5/3 அடுக்கில் ஏறுவதாகக் கொண்டால், சராசரி ஆழம் 1.5 மீட்டராக உள்ள இடத்தில் இந்த வித்தியாசத்துக்கு 5 சென்டிமீட்டர் ஏற்றம் தேவை. அது அளவுகோலில் கண்ணுக்குத் தப்பாது. 20 சென்டிமீட்டர் ஆழமே ஓடும் சிற்றோடையிலோ 7 மில்லிமீட்டர் போதும்.

எழுத வேண்டிய எண்ணும் இதைப் பொறுத்ததே. செங்குத்துகள் வேறு என்றால் சராசரி எடுப்பதில் உண்மையான ஆதாயம் உண்டு, நிச்சயமின்மை 4.9 சதவீதமாகக் குறைவதால் 43.9 கூட்டல் கழித்தல் 2.1 கனமீட்டர் என எழுதலாம். ஒன்றே என்றால், தவறு எங்கே என்று கண்டு நீக்கிய பிறகும் இரண்டாம் அளவீடு தரும் ஆதாயம் சொற்பமே, 6.6 சதவீதம் 6.5 ஆகும், அவ்வளவுதான். எதை எழுதினாலும் பக்கத்திலேயே 95 சதவீத நம்பக அளவு என்பதையும், செங்குத்துகளின் எண்ணிக்கையையும், இருமுறையும் அவை ஒரே இடத்தில் இருந்தனவா என்பதையும் குறித்துவையுங்கள்.