கடைக்காரர் சொன்ன பெயரை நம்ப வேண்டாம்: ஹாம்ஸ்டர் கேள்வி பதில்

ஆற்காட்டில் பல ஆண்டுகளாக ஹாம்ஸ்டர் (கன்னப்பையும் குட்டை வாலும் கொண்ட, எலி போன்ற சிறு செல்லப் பிராணி) வளர்த்து வருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

காட்பாடியிலிருந்து ஒருவர்: கடையில் ‘டெடி பேர்’ ஒன்றும் ‘பாண்டா’ ஒன்றும் வாங்கி ஒரே கூண்டில் விட்டேன். ஒரே வாரத்தில் இரத்தம் வரக் கடித்துக்கொண்டன. வேறு வேறு இனம் என்பதாலா?

இல்லை, இரண்டும் ஒரே இனம்தான், சிரியன் ஹாம்ஸ்டர். ஒன்றுக்கு முடி நீளம், மற்றதற்கு நிறம் வேறு, அவ்வளவே. சிரியன் தனியாகவே வாழப் பிறந்த உயிர். குட்டிப் பருவம் தாண்டியபின் உடன்பிறப்பைக்கூடப் பக்கத்தில் சேர்க்காது. இன்று இரவே பிரித்துவிடுங்கள்; ஒன்று இறந்தபின் வருந்திப் பயனில்லை.

இவற்றின் பூர்வீகம் சிரியாவின் அலெப்போ வட்டாரம். 1930-இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் அங்கே ஒரு வயலைத் தோண்டி ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். உலகெங்கும் வீடுகளில் வளரும் சிரியன்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வளையின் வழித்தோன்றல்கள். உங்கள் கூண்டில் இருப்பவையும் பெரும்பாலும் அப்படித்தான்.

குடியாத்தம்: ‘குள்ள ஹாம்ஸ்டர்’ என்று நான்கு கொடுத்தார்கள். என்ன இனம் என்று எப்படி அறிவது?

முதுகைப் பாருங்கள். கோடே இல்லாமல், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் போல இருந்தால் ரோபோரோவ்ஸ்கி. கோபி பாலைவனப் பகுதியைச் சேர்ந்தது. சுமார் 5 செ.மீ. நீளந்தான், மிக வேகமாக ஓடும். நடுமுதுகில் கருங்கோடு இருந்தால் காம்ப்பெல் அல்லது சைபீரிய ஹாம்ஸ்டர். சைபீரிய இனம் குளிர்காலத்தில் வெள்ளையாக மாறும். அதற்குக் காரணம் பகல் குறுகுவதே, குளிர் அல்ல. கோடு இருந்தும் உடல் ஒல்லியாகவும் வால் சற்று நீண்டும் இருந்தால் சீன ஹாம்ஸ்டர்.

காம்ப்பெல்லையும் சைபீரியனையும் இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள். பேறுகாலத்தில் தாய் படும் பாடு கொடியது. காம்ப்பெல்லுக்குச் சர்க்கரை நோய் எளிதில் வரும் என்பதால் பழத்துண்டுகளைக் குறைத்து, தினை, சாமை கொடுங்கள்.

ஆம்பூர்: கத்திரி வெயிலை எப்படிச் சமாளிப்பது?

30 டிகிரியைத் தாண்டினாலே இவற்றுக்கு ஆபத்து. நம் ஊர் 40-ஐத் தொடும். மாடி அறை கூடவே கூடாது. தரைத்தளத்தில் காற்றோட்டமான மூலையில் வைத்து, உள்ளே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, வாசல் விட்டுவிடுங்கள். குளிப்பாட்டாதீர்கள்.

ஆரணி: காட்டில் வாழும் ஹாம்ஸ்டர்கள் எப்படி இருக்கின்றன?

இதைக் கேட்க ஒருவராவது வந்தீர்களே! நிலைமை மோசம். கினிப்பன்றி அளவுக்கு வளரும் ஐரோப்பிய ஹாம்ஸ்டரை, அழிவின் விளிம்பில் உள்ளதென 2020-இல் சிவப்புப் பட்டியலில் (அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியல்) வகைப்படுத்தினார்கள். ஒரு காலத்தில் தானியத்தைக் கன்னப்பையில் அடைத்துச் செல்லும் திருடன் என்று விவசாயிகள் அதைக் கொன்று குவித்தார்கள். வியன்னாவில் இன்று கல்லறைத் தோட்டங்களில் அது வாழ்கிறது.

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் நடந்ததுதான் என்னை உலுக்கியது. கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம் மட்டுமே விளைந்ததால் அவற்றுக்கு வேறு உணவில்லை. ஆய்வகத்தில் மக்காச்சோளத்தையே முக்கிய உணவாகத் தின்ற தாய்களுக்கு வைட்டமின் பி3 குறைந்தது. அவை பெற்ற குட்டிகளையே தின்றன. அந்தச் சத்தைச் சேர்த்துக் கொடுத்ததும் மறுபடி நல்ல தாய்களாயின.

வேலூர்: அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. இரத்தம் ஊற அவருக்குப் போடும் ஊசி ஹாம்ஸ்டரிலிருந்து வருகிறது என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. இரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சிறுநீரகம் சுரக்கும். சிறுநீரகம் பழுதானால் இரத்தசோகை வரும். அந்த ஹார்மோனின் மனித வடிவத்தை, சீன ஹாம்ஸ்டரின் சினைப்பையிலிருந்து 1950-களில் எடுத்து வளர்க்கப்பட்ட செல்களின் வழிவந்தவற்றைக் கொண்டு தொட்டிகளில் தயாரிக்கிறார்கள். ஒவ்வோர் ஊசிக்கும் ஓர் உயிர் போவதில்லை. அப்பா கவலையின்றிப் போட்டுக்கொள்ளலாம்.

வாலாஜாபேட்டை: எங்கள் நிலக்கடலை வயலில் வயிறு வெளுத்த வெள்ளெலி இருக்கிறது. அது ஹாம்ஸ்டரா?

வாலைப் பாருங்கள். உடலைவிட நீண்டு, நுனியில் கறுப்புக் குஞ்சம் இருந்தால் அது ஜெர்பில். எலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஹாம்ஸ்டருக்குக் குட்டை வால். தமிழில் இரண்டையும் வெள்ளெலி என்பதால் வரும் குழப்பம் இது. இந்தியாவில் காட்டு ஹாம்ஸ்டரைப் பார்க்க லடாக் வரை போக வேண்டும். உழும்போது வளை உடைந்து வெள்ளெலிக் குட்டி கிடைத்தால், உங்கள் வீட்டு ஹாம்ஸ்டரின் கூண்டில் சேர்க்காமல் வரப்போரப் புதரிலேயே விட்டுவிடுங்கள்.