நீதிபதியைத் திட்டும் தலைவரைத் தென்னாப்பிரிக்காவில் சிறையில் போடலாமா?

திட்டினார் என்பதற்காக மட்டும் எளிதில் போட முடியாது. நீதிமன்றத்தை இழிவுபடுத்துவது இங்கே குற்றம்தான். ஆனால் 2001-இல் மமபோலோ வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதன் எல்லையைக் குறுக்கிவிட்டது. நீதி வழங்கும் வேலைக்கே கேடு வரும் என்றால்தான் தண்டனை.

"அப்படியானால் முன்னாள் அதிபர் ஜூமா ஏன் உள்ளே போனார்?" என்று டர்பனில் எங்கள் சொந்தக்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். ஊழலை விசாரித்த சோண்டோ ஆணையத்தில் ஆஜராகும்படி அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன உத்தரவை அவர் மீறினார். அதற்குத்தான் 2021 ஜூனில் 15 மாதச் சிறை. நீதிபதிகளைத் தாக்கி அவர் வெளியிட்ட அறிக்கைகள் குற்றத்தின் கனத்தைக் கூட்டின, அவ்வளவுதான். அப்புறம், அவர் சிறைக்குப் போனதும் வெடித்த ஜூலைக் கலவரத்தில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு அருகே நம் குடும்பங்கள் நிறைய வாழும் ஃபீனிக்ஸ் பக்கம் 36 பேர் கொல்லப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

சரி, நீதிபதி ஒருதலைப்பட்சம் என்று உண்மையிலேயே தோன்றினால்? விலகச் சொல்லி மனுப் போடலாம். அந்த ஐயம் நியாயமானது என்று காட்ட வேண்டும். தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். மண்டேலாவைப் பாருங்கள். 1998-இல், அதிபராக இருக்கும்போதே, ரக்பி சங்கத்தை விசாரிக்க அவர் ஆணையம் அமைத்ததை எதிர்த்து அந்தச் சங்கம் போட்ட வழக்கில் அவரைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். மனம் ஒப்பவில்லை, ஆனாலும் பிரிட்டோரியா நீதிமன்றத்துக்குப் போய்க் கூண்டில் ஏறினார். தீர்ப்பு பாதகமாக வந்ததும் மேல்முறையீடு செய்து வென்றார்.