‘அப்’ என்றால் எப்போதும் மேலேதானா?

சார், ஆங்கிலத்தில் ‘ஈட்’ என்றாலே சாப்பிடு. ‘ஈட் அப்’ எதற்கு?

நம் பேச்சிலேயே ‘பால் குடித்தான்’ வேறு, ‘பாலைக் குடித்துவிட்டான்’ வேறு. அந்த ‘விட்டான்’ எதையும் விடவில்லை, டம்ளர் காலி என்கிறது. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ இவற்றில் ‘அப்’புக்கும் அதே வேலை. குழாயடியில் குடத்தைப் பாருங்கள்: தண்ணீர் ஏறி ஏறி வாய்வரை வந்தால் குடம் நிறைந்தது. ஏறுவதும் நிறைவதும் ஒன்றாக நடக்கிறதா? ‘அப்’புக்கு ‘முழுசாக’ என்ற பொருளை வகுப்பில் இப்படித்தான் விளக்குவேன். ‘ரீட் ஆன்’ என்பதில் வரும் ‘ஆன்’ நம்முடைய ‘கொண்டே’: படித்துக்கொண்டே போ.

வீடு எரிந்தால் மட்டும் ‘பர்ன்ட் டவுன்’ என்கிறார்களே?

கூரை சரிந்து தரைமட்டமாகிறதே, அதனால் ‘டவுன்’. கடிதக் கட்டு மிச்சமில்லாமல் எரிந்தால் ‘பர்ன்ட் அப்’.

‘ஆஃப்’ என்றால் அணைப்பது. அலாரம் அடிப்பதற்கு ஏன் ‘கோஸ் ஆஃப்’?

அணைப்பது அதன் கிளைப்பொருள்தான். அடிப்படை ‘விட்டு விலகுவது’. சட்டை உடம்பைவிட்டுப் போனாலும் விமானம் தரையைவிட்டுக் கிளம்பினாலும் ‘டேக் ஆஃப்’. வெடியும் அலாரமும் அதுவரை அடங்கிக் கிடந்தவை, சட்டென்று கிளம்புகின்றன. பிரிட்டனில் பால் கெட்டாலும் ‘கான் ஆஃப்’தான். நாமும் கெட்டுப் ‘போச்சு’ என்றுதானே சொல்கிறோம்!

நேர்காணலில் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’ என்றேன். அமெரிக்க அதிகாரி சிரித்துவிட்டார்.

2019இல் மயங்கி விழுந்தேன் என்று அவர் காதில் விழுந்திருக்கும். படிப்பை முடித்தேன் என்ற பொருள் இந்தியாவில் செல்லும். அவர்களிடம் ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லுங்கள். அப்படியே ‘சமாளி’ என்ற பொருளில் சொல்லும் ‘கோப் அப் வித்’தையும் விட்டுவிடுங்கள். ‘கோப் வித்’ போதும், அங்கே ‘அப்’ நாமே ஒட்டவைத்தது.

‘பிக் அப் இட்’ தவறா?

தவறு. ‘பிக் இட் அப்’. ‘பிக் அப் த புக்’, ‘பிக் த புக் அப்’ இரண்டும் சரி. ‘இட்’, ‘ஹிம்’ போன்றவை வந்தால் நடுவில்தான் உட்காரும். ஆனால் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ பிரியாது.

எல்லாவற்றையும் இப்படிப் பிரித்துப் புரிந்துகொள்ளலாமா சார்?

முடியாது. சாமுவேல் ஜான்சனே 1755இல் தன் ஆங்கில அகராதி முன்னுரையில், அயலாருக்கு மிகப் பெரிய சிரமம் வினையோடு ஒட்டிவரும் இந்த ஒட்டுச்சொற்கள்தான் என்று எழுதியிருக்கிறார். நோட்டில் ‘கெட்’, ‘புட்’ என்று வினைவாரியாக எழுதாமல், ‘அப்’புக்கு ஒரு பக்கம், ‘அவுட்’டுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். ‘பொறுத்துக்கொள்’ என்ற பொருளில் வரும் ‘புட் அப் வித்’ எந்தப் பக்கத்திலும் அடங்காது. அது மாதிரியானவற்றுக்குக் கடைசிப் பக்கம். அவற்றை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.